படிக்கிணற்றை மூடிய டாக்டர்

எங்கள் பக்கத்தில் தந்தையைப் பெற்றவரை அப்பாரு என்று அழைப்பது வழக்கம். என் அப்பாரு, காங்கேயத்திற்கும் தாராபுரத்திற்கும் இடையில் உள்ள ஒரு மேட்டாங்காட்டு ஊரில், 1936 முதல் ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் வைத்தியம் பார்த்தவர். அதற்கிடையே பஞ்சாயத்துத் தலைவராகவும் பின்னர் ஒன்றியப் பெருந்தலைவராகவும் இருந்து, ஒரு சட்டமன்றத் தேர்தலில் நின்று தோற்றவர். சென்ற மாதம் பழைய வீட்டின் ஆசாரத்தில் ஓடு மாற்றியபோது, பரண் மேலிருந்த தகரப் பெட்டியிலிருந்து அவருடைய நோயாளர் நோட்டுகள் பதினேழு கிடைத்தன. கரையான் தின்றது போக மிஞ்சியவற்றை மூன்று வாரங்களாகப் படித்து வருகிறேன்.

ஊரில் அவரைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவார்கள். வைத்தியத்தில் கைராசிக்காரர் என்பது ஒன்று. அரசியலில் ஏமாளி என்பது மற்றொன்று. வைத்தியத்தில் சம்பாதித்ததைப் பஞ்சாயத்தில் தொலைத்தார் என்று அவருடைய மனைவியான என் ஆத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான் இரண்டையும் தனித்தனியாக வைத்து எண்ணியிருந்தேன். நோட்டுகளைப் படித்த பிறகு, அவருடைய அரசியல் அந்த மருந்து மேசையிலிருந்தே கிளம்பியது என்பதும், பின்னாளில் அந்த மேசையே அவருடைய அரசியலின் வாயைக் கட்டிப்போட்டது என்பதும் தெரிகிறது.

அவர் படித்தது எல்.எம்.பி. அது பட்டமன்று, மருத்துவம் பார்ப்பதற்கான உரிமச் சான்று மட்டுமே. சென்னையில் அவர் சேர்ந்தபோது அந்த இடத்திற்கு ராயபுரம் மருத்துவப் பள்ளி என்று பெயர். படித்துக்கொண்டிருக்கும்போதே, 1934-இல், அது கவர்னர் ஸ்டான்லியின் பெயருக்கு மாறியது. இவர் வெளியே வந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1938-இல், கல்லூரியாக உயர்ந்தது. எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் எல்.எம்.பி. காரர்களை அரை டாக்டர்களாகவே நடத்தினார்கள். பின்னாளில் எல்.எம்.பி. படித்தவர்கள் சுருக்கப் படிப்பொன்றை முடித்துப் பட்டம் வாங்கிக்கொள்ள வழி பிறந்தபோதும் அவர் போகவில்லை. ஊரை விட்டு அத்தனை நாள் இருக்க முடியாது என்பதுதான் அவர் சொன்ன காரணம். அதில் கொஞ்சம் வீம்பும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்த அரை டாக்டர்கள்தாம் அன்றைய கிராமங்களுக்கு எட்டிய முழு டாக்டர்கள். நீதிக்கட்சி ஆட்சி 1920-களில் சென்னை மாகாணத்தில் கொண்டுவந்த திட்டத்தின்படி, கிராமத்தில் போய்த் தங்கும் மருத்துவருக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு மானியம் உண்டு. ஏழைகளுக்கு இலவசமாகப் பார்க்க வேண்டும். வசதியுள்ளவர்களிடம் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம். அப்பாரு அந்த மானியத்தில்தான் ஊருக்கு வந்தார். வசதியுள்ளவர் யார் என்பதை முடிவு செய்வது மருத்துவரின் பொறுப்பு. மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து கவலை இறைத்துச் சோளமும் கம்பும் விளைவிக்கும் ஊரில் சித்திரையில் வசதியுள்ளவர் ஐப்பசியில் ஏழையாக இருப்பார். ஆகவே நோட்டில் பாதிப் பக்கங்களில் தொகைக்கு நேரே ‘வெள்ளாமைக்கு’ என்று எழுதியிருக்கிறது. வெள்ளாமை வந்தபின் தரலாம் என்று பொருள். அந்த வெள்ளாமை சில பக்கங்களுக்கு இன்னும் வரவில்லை.

நோட்டுகளில் உள்ள வைத்தியம் அந்த மண்ணின் வாழ்க்கையை அப்படியே காட்டுகிறது. கவலை ஏற்றத்தில் வடம் அறுந்து கிணற்றில் விழுந்தவர்கள், கொறங்காட்டில் ஆடு ஓட்டப் போய் விரியன் கடித்தவர்கள், தேள்கடி, மலைக்காட்டுக்கு மரம் வெட்டப் போய் மலேரியாவோடு திரும்பியவர்கள், மருத்துவச்சி இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கடைசியில் ஆளனுப்பிய பேறுகாலங்கள் என்று பக்கம் பக்கமாக ஓடுகிறது. 1940-களின் தொடக்கத்தில் ‘எம் அண்ட் பி 693’ என்ற மாத்திரையின் பெயர் வருகிறது. அதுவரை நிமோனியா என்று எழுதிய இடங்களில் பல பெயர்கள் அடுத்த வாரம் அடிக்கப்பட்டிருக்கின்றன. அந்த மாத்திரை வந்தபின் அடிக்கப்படும் பெயர்கள் குறைகின்றன. ‘693’ என்று எழுதும்போது மட்டும் எண்ணின் கீழே கோடு போட்டிருக்கிறார். அந்தக் கோட்டில் அவர் பட்ட மகிழ்ச்சி தெரிகிறது.

சில பெயர்களுக்கு எதிரே நோயின் பெயர் இல்லாமல் ஒரு சிறு வட்டம் மட்டும் இருக்கிறது. அது என்ன என்பதைக் கம்பவுண்டராக இருந்தவரின் மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிறர் அறியக்கூடாத நோய்களுக்கு அப்பாரு வட்டம் போடுவாராம். நோட்டை எழுதும் கம்பவுண்டருக்கே அது என்ன நோய் என்று தெரியாதாம்.

அரசியலின் முதல் பாடம் அவருக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே கிடைத்துவிட்டது. அந்த நாளில் எங்கள் வீட்டுக்குச் சேலத்திலிருந்து ‘தமிழ்நாடு’ பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அதை நடத்தியவர் டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடு. அவர் 1887-இல் இராசிபுரத்தில் பிறந்து, நம் நாட்டு வைத்தியம் பார்த்து, காங்கிரசில் சேர்ந்து சிறை சென்றவர். பின்னர் 1932-இல் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ நாளிதழைத் தொடங்கியவரும் அவரே. வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனிப்பந்தி போடப்பட்டதை எதிர்த்து நாயுடுவும் ஈரோட்டுப் பெரியாரும் போராடிய செய்திகள் அந்தப் பத்திரிகையில்தான் வீட்டுக்குள் வந்தன. கொங்கு நாட்டு வைத்தியர் ஒருவர் ஒரு பந்தியைக் காரணமாக வைத்து இத்தனை பெரிய கட்சியையே உலுக்க முடியும் என்பது அந்தச் சிறுவனின் மனத்தில் தங்கிவிட்டது.

அதன் விளைவு, மருந்துக்கடைத் திண்ணையில் போட்ட ஒரே ஒரு நீளப் பெஞ்சு. வந்த வரிசையில் உட்கார வேண்டும். தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பான வளவிலிருந்து வந்தவரும் பண்ணையக்காரரும் அதே பெஞ்சில்தான். ஊர்ப் பெரியவர் ஒருவர் இதற்காகவே ஓராண்டுக் காலம் தாராபுரத்துக்கு வண்டி கட்டிப் போய் மருந்து வாங்கினாராம். அவருக்கு இரவில் நெஞ்சுவலி வந்தபோது அப்பாருவைத்தான் கூப்பிட்டு அனுப்பினார்கள். அப்பாரு போனார், பெஞ்சைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பெஞ்சு அப்படியே இருந்தது. இதைப் பெரிய புரட்சியாக நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டுச் சமையலறை வரைக்கும் அந்தப் பெஞ்சின் நியாயம் வரவில்லை என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அவரை உண்மையில் அரசியலுக்கு இழுத்தது நரம்புச் சிலந்தி.

இன்றைய இளைஞர்களுக்கு இந்தப் பெயரே தெரியாது. இந்தியாவில் கடைசி நோயாளி 1996-இல் இராஜஸ்தானில் கண்டறியப்பட்டார். 2000-இல் நாடு இந்த நோயிலிருந்து விடுபட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அப்பாரு காலத்தில் வேனில் பிறந்தால் காலில் கொப்புளத்தோடு ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். கொப்புளம் உடைந்ததும் வெள்ளை நூல் போல ஒரு புழு தலை நீட்டும். அதை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்கு இரண்டு விரற்கடை அளவு மெல்ல இழுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்து அறுந்துவிட்டால் கால் வீங்கிச் சீழ் பிடிக்கும். இரண்டடி, இரண்டரை அடிப் புழு முழுவதும் வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அந்த மனிதன் ஏர் பிடிக்க முடியாது. அதிலும் புழு வெளிவருவது விதைப்புக் காலத்தை ஒட்டியே இருக்கும் என்பதுதான் கொடுமை.

காரணம் ஊரின் படிக்கிணறு. கால் எரிகிறவன் படியிறங்கித் தண்ணீரில் காலை நனைப்பான். புழு அந்த நொடியில் ஆயிரக்கணக்கான குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீந்துகிற நீர்த்தெள்ளுகள் அவற்றை விழுங்கும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவன் உடலுக்குள் புழு வளர்ந்து, ஓராண்டு கழித்து அவன் காலில் கொப்புளமாக வரும். அப்பாரு ஒவ்வொரு வேனிலிலும் குச்சியில் சுற்றிக்கொண்டே இருந்தார். துணியில் வடிகட்டிக் குடியுங்கள் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தார். ஓராண்டின் கடைசிப் பக்கத்தில் ஊரின் சிலந்தி நோயாளிகளைக் கூட்டிப்போட்டு, கீழே ஒரே வரி எழுதியிருக்கிறார்: ‘இது மருந்து வேலையல்ல, கொத்தனார் வேலை.’ படிகளை அடைத்துச் சுற்றுச்சுவர் எழுப்பி, கயிறும் வாளியும் கொண்டு சேந்துகிற கிணறாக மாற்றிவிட்டால் யாருடைய காலும் தண்ணீரில் படாது. நோய் ஓராண்டில் அற்றுப்போகும்.

சட்டம் அவர் பக்கம் இருந்தது. இராஜாஜியின் முதல் அமைச்சரவையில் சுகாதாரத்துறை அமைச்சராக இருந்தவர் திருச்சி டாக்டர் தி.சே.சௌ. ராஜன், அவருடைய காலத்தில் வந்ததுதான் 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். குடிநீர், சாக்கடை, தொற்றுநோய் ஆகியவற்றில் உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்து, இந்தியாவில் முதன்முதலாக ஒரு மாகாணம் இயற்றிய முழுமையான சுகாதாரச் சட்டம் அது. ஒரு டாக்டர் அமைச்சரானதால் வந்த சட்டத்தை இன்னொரு டாக்டர் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். பெட்டியில் அதன் பிரதி இருக்கிறது. குடிநீர் பற்றிய பிரிவுகளில் சிவப்பு மசியால் கோடுகள். மனு மேல் மனுவாக எழுதினார். பதில் ஒன்றே ஒன்றுதான் வந்தது; மனு உரிய இடத்துக்கு அனுப்பப்பட்டிருப்பதாக.

உரிய இடம் எது என்பது அவருக்குத் தெரியும். கிணறு இருந்த நிலம் எங்கள் பங்காளி வீட்டுடையது. படியை அடைப்பதென்றால் அவர்கள் மாடு குளிப்பாட்டவும் துணி துவைக்கவும் வேறு இடம் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியமானது வேறொன்று. சேந்துகிணறு ஆனால் யாரெல்லாம் அதில் வாளி விடுவார்கள் என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. படிக்கிணற்றில் வளவுக்காரர்கள் இறங்கக்கூடாது. மேலே நின்று குடத்தைக் காட்டினால் யாராவது மொண்டு ஊற்ற வேண்டும். சுவர் கட்டி உருளை போட்டுவிட்டால் அந்தக் காவல் எப்படி நடக்கும்? இதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

1950-ஆம் ஆண்டின் கிராமப் பஞ்சாயத்துச் சட்டத்திற்குப் பிறகு எங்கள் ஊருக்குப் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தபோது அப்பாரு தலைவர் பதவிக்கு நின்றார். கட்சிச் சார்பு காங்கிரஸ்தான் என்றாலும், அவர் நின்றது கிணற்றுக்காக என்று ஊரே அறியும். ஜெயித்த முதல் ஆண்டிலேயே பங்காளிகளோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். தம் தோட்டத்துக் கிணற்றிலிருந்து ஒரு தொட்டி கட்டி மாடுகளுக்குத் தண்ணீர் விடுவது, அந்தச் செலவு அவருடையது. படிகள் அடைக்கப்பட்டன. மார்பளவு சுவர் எழும்பியது. நான்கு உருளைகள் போட்டார்கள். அவற்றில் ஓர் உருளை வளவுக்கென்று ஒதுக்கப்பட்டது. நான்கும் எல்லோருக்கும் என்று அவர் ஏன் பிடிவாதம் பிடிக்கவில்லை என்று இன்று கேட்பது எனக்கு எளிது. பெஞ்சு அவருடையது, கிணறு ஊருடையது. ஆனாலும் இந்த இடத்தில் அவர் தோற்றார் என்றே நினைக்கிறேன்.

ஆனால் சிலந்தி தோற்றது. அடுத்த வேனிலில் பழைய தண்ணீர் குடித்தவர்கள் வந்தார்கள். அதற்கடுத்த வேனிலில் இரண்டே பேர். அதன் பிறகு நோட்டில் அந்தச் சொல்லே இல்லை.

1958-ஆம் ஆண்டின் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டம் ஜில்லா போர்டுகளுக்கு முடிவு கட்டி, பஞ்சாயத்து ஒன்றியங்களைக் கொண்டுவந்தது. ஊர்த் தலைவர்கள் கூடித் தங்களுக்குள் ஒருவரைப் பெருந்தலைவராகத் தேர்ந்தெடுப்பார்கள். அப்பாரு அப்படித்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஐந்தாண்டுகளில் சாலை, பள்ளிக் கட்டடம், குடிநீர் என்று வழக்கமான வேலைகள் நடந்தன. அவற்றை விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே அமைய வேண்டும் என்ற சண்டையை மட்டும் சொல்லாமல் விட முடியாது.

ஜோசப் போர் என்பவரின் தலைமையிலான சுகாதாரக் குழு, 1946-இல் கொடுத்த அறிக்கையில், முதற்கட்டமாக நாற்பதாயிரம் பேருக்கு ஒரு சுகாதார நிலையம் வேண்டும் என்று சொன்னது. எங்கள் ஒன்றியத்துக்கு ஒன்று கிடைத்தது. தம் ஊருக்கு வாங்கிக்கொண்டால், பெருந்தலைவர் பதவியைக் காட்டிச் சுருட்டினார் என்பார்கள். வேறு ஊருக்குக் கொடுத்தால், இலவச ஆஸ்பத்திரி பக்கத்தில் வந்து தம் தொழில் படுத்துவிடக்கூடாது என்று தள்ளிவிட்டார் என்பார்கள். வைத்தியம் பார்க்கிறவன் ஆஸ்பத்திரிக்கு இடம் குறிக்கக்கூடாது என்பதுதான் சரியான நியாயமாக இருக்கும். அப்படி ஒதுங்கிக்கொள்ளும் வழி அவருக்குத் தோன்றவில்லை. மூன்று சாலைகள் கூடும் ஒரு நடுவூரைக் குறித்தார். எந்தத் திசையிலிருந்தும் பஸ் வரும் இடம் அது ஒன்றுதான். எதிர்பார்த்தபடியே இரண்டாவது பழி வந்தது. சொந்த ஊர்க்காரர்கள் ஓராண்டுக் காலம் அவரோடு சரியாகப் பேசவில்லை. “ஊருக்குச் சோறு போடறேன்னுட்டு ஊட்டுப் பொடக்காலிய வித்த கதையா இருக்குதுங்க” என்று ஆத்தா அவரிடமே சொன்னதாக என் தந்தை சொல்வார்.

பதவியின் உண்மையான விலை வேறோர் இடத்தில் இருந்தது. 1963-ஆம் ஆண்டு நோட்டில் ஒரு பக்கம். அன்று கோயம்புத்தூரில் கலெக்டர் கூட்டிய கூட்டம்; தாராபுரம் தாலுகா அப்போது கோவை மாவட்டத்தில் இருந்தது. காலையில் பஸ் ஏறிப் போனவர் இரவுதான் திரும்பினார். நடுப்பகலில் தொண்டை அடைப்பானோடு, அதாவது டிப்தீரியாவோடு, ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்றைத் தூக்கி வந்திருக்கிறார்கள். கம்பவுண்டர் தம்மால் ஆனதைச் செய்து, தாராபுரத்துக்கு அனுப்பியிருக்கிறார். குழந்தை வழியிலேயே போய்விட்டது. பக்கத்தில் குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், வயது எல்லாம் கம்பவுண்டரின் கையெழுத்தில் இருக்கின்றன. கீழே அப்பாருவின் கையெழுத்தில் இரண்டு சொற்கள்: ‘நான் இல்லை.’ அவர் இருந்திருந்தாலும் அதற்கான முறிவு மருந்து கையில் இருந்திருக்குமா என்பது ஐயமே. அவர் அந்த ஐயத்தைத் தமக்குச் சலுகையாக எடுத்துக்கொள்ளவில்லை. அதன்பின் வெளியூர்க் கூட்டங்களுக்கு அவர் போனதாகத் தெரியவில்லை; ஒன்றியத்தில் அவருக்கு இருந்த பிடி தளர்ந்ததும் அப்போதிருந்துதான்.

1965-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டம். பிப்ரவரியில் பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி. சுப்பிரமணியமே மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகல் கடிதம் கொடுத்த நாட்கள் அவை. காங்கிரஸ்காரர் என்று சொல்லிக்கொண்டு தெருவில் நடக்கவே கூச்சமாக இருந்தது என்று என் தந்தை சொல்வார். அந்தக் காலத்தில்தான், விலகிக்கொள்ள வேண்டிய மனிதர், கட்சிக்காரர்களின் வற்புறுத்தலுக்கு இணங்கி 1967 சட்டமன்றத் தேர்தலில் நிற்க ஒப்புக்கொண்டார். தொகுதியின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். எதிர்த்து வேலை செய்தவர்களின் பிள்ளைகள் இன்று எங்களுக்கு உறவு.

‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்று தி.மு.க. மேடைகள் முழங்கிய தேர்தல் அது. விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்த அலையில் ஒரு நாட்டுப்புற டாக்டர் நிற்க வழியில்லை. என்றாலும் எங்கள் வீட்டில் இன்றுவரை பேசப்படுவது அலையைப் பற்றியன்று. எதிர்க்கட்சி மேடையில் ஒலிபெருக்கி வைத்து ஒருவர் பேசிய பேச்சைப் பற்றி. “தண்ணியில சாயத்தக் கலக்கிச் சீசாவுல ஊத்திக் குடுத்தவரு, இப்பொ அதே கையில ஓட்டுக் கேக்கறாரு” என்று அவர் பேசப் பேசக் கூட்டம் சிரித்தது. பேசியவர் அதற்கு முந்தைய ஆண்டுவரை அப்பாருவிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர். அவர் பெயருக்கு எதிரே வட்டம் இருக்கும் என்பதை ஊகித்த கட்சிக்காரர்கள் மறுநாள் காலையில் திண்ணைக்கு வந்தார்கள்.

“ஏனுங்க டாக்டரே, அந்தாளு என்ன சீக்குக்கு உங்ககிட்ட வந்தான்னு மேடையில ஒரு வார்த்த சொல்லீட்டீங்கன்னாப் போதுமுங்க. நாளைக்கு அவன் ஊருக்குள்ளயே தல காட்ட மாட்டான்.”

“வைத்தியத்துக்கு வந்தவரு யாருன்னு எனக்குத் தெரியுமுங்க. மேடையில பேசுனவரு யாருன்னு எனக்குத் தெரியாதுங்க” என்று சொல்லிவிட்டு, பெஞ்சில் அடுத்து உட்கார்ந்திருந்தவரை உள்ளே வரச் சொன்னாராம். அப்போது என் தந்தைக்கு இருபத்திரண்டு வயது. அந்தப் பதிலைக் கேட்டு ஆத்திரம் தாங்காமல் தோட்டத்துக்குப் போய் இரவு வரைக்கும் வீடு திரும்பவில்லை என்று சொல்லியிருக்கிறார். ஒரு தொகுதியில் பாதிக் குடும்பங்களின் அந்தரங்கம் தெரிந்த மனிதர் அரசியலில் நிற்பதென்றால், மற்றவர்கள் பயன்படுத்தும் ஆயுதங்களில் பாதியை முதலிலேயே கீழே வைத்துவிட்டுத்தான் நிற்க வேண்டும். மற்றவர்களுக்குத் தெரிந்தால் பேசலாம். இவருக்குத் தெரிந்திருப்பதே பேசக்கூடாததற்குக் காரணம். யாரிடம் ஓட்டுக் கேட்டுப் போனாலும், அந்த வீட்டு நோட்டுப் பாக்கி நினைவுக்கு வந்து, பாக்கியை நினைவூட்ட வந்ததாக அவர்கள் எண்ணிவிடுவார்களோ என்று பல வீடுகளுக்கு அவர் போகவேயில்லையாம்.

தேர்தலுக்குப் பின் கதர்ச்சட்டையை விடவில்லை. கட்சிக் கூட்டங்களை விட்டார். கடைசி நோட்டு 1981-இல் முடிகிறது. கிணறு இப்போதும் இருக்கிறது. ஆயிரம் அடி ஆழ்துளைக் குழாய்கள் வந்தபின் அதில் ஊற்று இல்லை. நான்கு உருளைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எது யாருக்கு ஒதுக்கிய உருளை என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னாலும் புரியாது.

உள்ளூர் வரலாறு எழுதும் நண்பர் ஒருவர் நோட்டுகளைக் கேட்டிருக்கிறார். வட்டம் போட்ட பக்கங்கள் இருப்பதால் கொடுக்க மனம் வரவில்லை. நேற்றிரவு 1967 நோட்டை எடுத்து, வாக்கு எண்ணிய நாளைத் தேடிப் பார்த்தேன். தேர்தலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. காய்ச்சல் 4, கண்வலி 2, தேள்கடி 1, பேறுகாலம் 1, வட்டம் 1 என்று இருக்கிறது. வட்டத்திற்கு நேரே தொகை எழுதும் இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது.